லீவு நாளில் ஓடும் மீட்டர்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலை. முந்தின நாள் சாயங்காலமே எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலைப் பொட்டலத்தோடு ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ரிங் பிரேம்களின் தலையில் கட்டிய செவ்வந்தி அதற்குள் வாடத் தொடங்கியிருந்தது. மின்சாரக் கணக்கு பார்க்கப் போகிற என்னைப் போன்றவர்கள் காத்திருப்பது இப்படி ஒரு நாளுக்குத்தான். மில் ஓடுகிற நாளில் கணக்கு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். நிற்கிற நாளில் அது தனியாக வந்து எதிரில் நிற்கும்.

ஷெட்டுக்குள் நுழைந்தேன். நாள் முழுக்க இரைச்சலில் ஊறிய கட்டடம் அது. இரைச்சல் நின்றதும் அமைதி வந்திருக்க வேண்டும். வந்தது சீறல். ஒரு இடத்தில் பாம்பு போல. இன்னொரு இடத்தில், குக்கர் வெயிட் தூக்குவதற்கு முன்னால் விடுகிற மூச்சு போல. நூலைச் சுற்றும் ஆட்டோகோனர் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை தூக்கத்தில் முனகுவது போல. காற்றுக் குழாய்களின் இணைப்புகளிலும், வெடித்த ஹோஸ்களிலும், யாரோ மூட மறந்த வால்வுகளிலும் காற்று போய்க்கொண்டே இருந்தது.

கூட வந்த பிட்டர் அண்ணன் அந்த மில்லில் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறவர். “இது என்னங்கண்ணா சத்தம்?” என்றேன்.

“எதுங்க சார்?”

“இந்தக் காத்துப் போறது.”

அவர் நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டார். “அட, அதுங்களா? அது எப்பவும் போறதுதானுங்க.”

எப்பவும் போவது. அந்தச் சொல்லை அன்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

கம்ப்ரசர் அறைக்குப் போனோம். ஷெட்டில் ஒரு மெஷினும் ஓடவில்லை, காற்று யாருக்கும் தேவையில்லை. ஆனாலும் நூறு குதிரைத்திறன் கம்ப்ரசர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே ஓட விடச் சொல்லி, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இது மிகப் பழைய, மிக எளிய சோதனை, கருவி ஒன்றும் வேண்டாம். கம்ப்ரசர் காற்றை ஏற்றும். போதுமான அழுத்தம் வந்ததும் ஏற்றுவதை நிறுத்திச் சும்மா சுற்றும். அழுத்தம் இறங்கியதும் மறுபடி ஏற்றும். ஓட்டையே இல்லாத இடத்தில் ஒருமுறை ஏற்றினால் அப்படியே நிற்க வேண்டும். அன்று அது 90 விநாடி ஏற்றியது, 210 விநாடி சும்மா சுற்றியது. மறுபடி 90. மறுபடி 210. ஐந்தாறு தடவை எழுதிக்கொண்டேன், எண் பெரிதாக மாறவில்லை. முந்நூறு விநாடியில் தொண்ணூறு. அந்த இயந்திரம் தயாரிக்கும் காற்றில் முப்பது சதவீதம் ஒரு வேலையும் செய்யாமல் ஓட்டை வழியே வெளியே போகிறது.

பிட்டர் அண்ணனிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். 75 கிலோவாட்டில் முப்பது சதவீதம், மணிக்கு இருபத்திரண்டு யூனிட். நாளுக்கு ஐந்நூற்றுச் சொச்சம். யூனிட் ஏழு ரூபாய் என்றாலும் நாளைக்கு மூவாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு மேல். வருஷத்துக்குப் பதின்மூன்று லட்சம். அவர் முகத்தில் அதிர்ச்சி தெரியும் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டது வேறு: “இத்தனை வருஷமா இதை யாருமே கேக்கலீங்களே சார்?”

ஓட்டை ஏன் இருக்கிறது என்பது சின்னக் கேள்வி. ரப்பர் தேயும், நட்டு தளரும். இருபத்தெட்டு வருஷமாக யாரும் ஏன் கேட்கவில்லை என்பதுதான் பெரியது. இந்தத் தொழிலில் நான் படித்த பாடம் எல்லாம் சின்னக் கேள்விக்கான விடைகள். பெரிய கேள்விக்கு விடை தேடத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தோன்றும் பதில், மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது என்பது. உண்மைதான். பஞ்சு வீணானால் மில்லில் ஒரு பிடி கழிவைக்கூட எடை போடுவார்கள். எந்த ஷிப்டில் எத்தனை கிலோ, எந்த மெஷினில், ஏன் என்று நோட்டு இருக்கும். கழிவுப் பஞ்சைத் திருடிப் போகாமல் இருக்க வாசலில் செக்யூரிட்டி வேறு. மின்சாரத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. மாதக் கடைசியில் ஒற்றை எண்ணாக ஒரு பில் வரும். மளிகைக் கடைக்காரர் அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று சொல்லாமல், “இந்த மாசம் பதினெட்டாயிரம் ஆச்சுங்க” என்று மட்டும் சொன்னால் எந்தக் குடும்பத்தலைவி ஒப்புக்கொள்வாள்? அறுபது லட்சம் ரூபாய் ஈபி பில்லை அப்படித்தான் ஒப்புக்கொள்கிறோம். அக்கவுண்ட்ஸ் பிரிவு கட்டிவிடும். அவர்களுக்கு கம்ப்ரசர் அறை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. கம்ப்ரசர் ஓட்டுகிறவர் வாழ்நாளில் அந்தப் பில்லைப் பார்த்திருக்க மாட்டார்.

இதனால்தான் ஆற்றல் மேலாண்மை என்று புத்தகம் போடுகிறவர்கள் எல்லாரும் முதல் பக்கத்திலேயே “அளந்து பார்” என்கிறார்கள். மெயின் மீட்டர் ஒன்று போதாது. கம்ப்ரசருக்கு ஒன்று, ஹ்யூமிடிபிகேஷன் பிளாண்டுக்கு ஒன்று, ஹாஸ்டலுக்கு ஒன்று என்று துணை மீட்டர் போடு. அளந்ததை, செய்த வேலையால் வகுத்துப் பார். நூற்பாலையில் அதற்கு யூ.கே.ஜி. என்று பெயர், ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட். அதிலும் சூது உண்டு. மெல்லிய நூலுக்கு யூனிட் அதிகம் பிடிக்கும், தடித்த நூலுக்குக் குறைவு. நூலின் பருமனைக் குறிக்கும் கவுண்ட்டைச் சமன்செய்யாமல் ஒரு மில்லை இன்னொரு மில்லோடு ஒப்பிடுவது, கூரியர் பையன் பைக்கின் மைலேஜை டவுன் பஸ்ஸோடு ஒப்பிடுவது மாதிரி. ஆனாலும் உன் மில்லையே போன மாதத்தோடு ஒப்பிட ஒரு தடையும் இல்லை. என்னைக் கேட்டால், எல்லா எண்ணிலும் நேர்மையான எண் ஒன்று உண்டு: உற்பத்தி சுழியாக இருக்கிற நாளில் மீட்டர் காட்டுவது. அன்று ஓடுவதற்கு யாரும் சாக்குச் சொல்ல முடியாது. அந்த மில்லில் பூஜை லீவு அன்றைக்கு 24 மணி நேரத்தில் ஓடிய யூனிட், நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு ஒரு வருஷத்துக்குத் தாராளமாகக் காணும்.

கண்ணுக்குத் தெரியாது என்பது முழுப் பதில் இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது டீசல். இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் மில்கள் வரிசையாக முளைத்தன. நீலகிரியில் விழுந்த தண்ணீர்தான் சமவெளியில் கதிர்களைச் சுற்றியது. அப்படி மின்சாரத்தை நம்பியே எழுந்த ஊர், 2008 நவம்பரில் உயரழுத்த இணைப்புகளுக்கு நாற்பது சதவீத வெட்டு வந்தபோது திகைத்து நின்றது. அடுத்த நாலைந்து வருஷம் ஜெனரேட்டர் காலம். 2012இல் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்களெல்லாம் இருந்தன. சின்ன மில்கள் பல மூடின. அந்தக் காலத்தை யாரும் திரும்ப விரும்ப மாட்டார்கள், நானும்தான்.

ஆனால் ஒரு அதிசயம் அப்போது நடந்தது. டீசல் மின்சாரத்துக்கு ஈபி மின்சாரம்போல இரண்டு, மூன்று மடங்கு செலவு. டீசல் பேரலில் வரும், பேரலின் மட்டம் இறங்குவது தெரியும், அதை உருட்டிக்கொண்டு வருகிறவனுக்கு முதுகு வலிக்கும். அந்தக் காலத்தில் ஆளில்லாத வராண்டாவில் விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. சூபர்வைசர் சொல்லாமலே ஹெல்பர் பையன்கள் ஸ்விட்சை அணைத்தார்கள். ஓட்டை ஹோஸை சைக்கிள் டியூப் வைத்துக் கட்டினார்கள். மின்கட்டுப்பாடு 2015இல் முழுதாக நீங்கியது. வராண்டா விளக்குகள் மறுபடி எரிய ஆரம்பித்தன. அதே ஆட்கள், அதே ஸ்விட்ச். டீசல் காலத்தில் அவர்களுக்கு இருந்து, பிறகு இல்லாமல் போனது என்ன?

விடை எனக்குத் தெரியத் தொடங்கியது ஒரு அழுத்தமானியின் முகத்தில்.

அந்தப் பல்லடம் மில்லில், கம்ப்ரசர் 7.5 பார் அழுத்தத்தில் வைக்கப்பட்டிருந்தது. மெஷின் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் மெஷின் வாசலில் 6 பார் போதும் என்று போட்டிருந்தது. குழாயில் இழப்பு, வடிகட்டியில் இழப்பு என்று சேர்த்தாலும் 6.6 தாராளம். ஒரு பார் குறைத்தால் கம்ப்ரசரின் மின்செலவில் ஏறக்குறைய ஆறேழு சதவீதம் மிச்சம். ஓட்டை வழியே போகிற காற்றும் கூடவே குறையும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை, ஒரு திருகு திருகினால் போதும். “ஏழரை யார் வெச்சது?” என்று கேட்டுக்கொண்டே போனேன். பகல் ஷிப்ட் ஆளைக் கேட்டால் ராத்திரி ஷிப்டைக் கைகாட்டினார். ராத்திரி ஆள், “நான் வர்றப்பவே அப்படித்தானுங்க” என்றார். கடைசியில் பிட்டர் அண்ணன்தான் நினைவுபடுத்திச் சொன்னார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி. ஆட்டோகோனரில் நூல் முடிச்சு சரியாக விழவில்லை. காற்று பத்தவில்லை என்று பிரிவுத் தலைவர் சத்தம் போட்டார். கம்ப்ரசர் ஆள் 6.5இலிருந்து ஏழுக்கு ஏற்றினார். மறுநாள் பார்த்தால் வடிகட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றினார்கள், முடிச்சு சரியானது. ஏற்றிய அழுத்தத்தை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு வருஷம் கழித்து இன்னொரு சத்தம், இன்னொரு அரை பார். அவ்வளவுதான் கதை.

“இறக்கியிருக்கலாமேண்ணா?”

“இறக்கிட்டு, நாளைக்கு எங்காவது நூல் அறுந்துச்சுன்னா, ‘எவன்டா பிரஷர இறக்குனது’ம்பாங்க சார். ஏத்தி வெச்சா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

அந்த ஒரு பார் வித்தியாசத்தில் அவர் சம்பளத்தைவிட அதிகப் பணம் வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. அவர் இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

அன்று முதல் எங்கே போனாலும் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். ஒரு கட்டடத்துக்கு பம்ப் தேர்ந்தெடுத்த கதையைக் கேட்டேன். கணக்குப்படி ஐம்பது குதிரைத்திறன் போதும். டிசைன் போட்டவர் பத்து சதவீதம் சேர்த்தார், ஐம்பத்தைந்து. அதைச் சரிபார்த்த கன்சல்டன்ட் தன் பங்குக்குப் பத்து சதவீதம், அறுபதரை. சந்தையில் அறுபதுக்கு அடுத்து எழுபத்தைந்துதான். பர்ச்சேஸ் ஆள் எழுபத்தைந்தை வாங்கினார். தேவையைப் போல ஒன்றரை மடங்கு. மூன்று பேருமே கெட்டிக்காரர்கள், மூன்று பேருமே நல்லவர்கள். ஒவ்வொருவரும் தன் பெயர் கெடாமல் இருக்க ஒரு பிடி கூடுதலாகப் போட்டார்கள். கல்யாணச் சமையலில் இப்படி ஆளாளுக்கு உப்புப் போட்டால் முதல் பந்தியிலேயே தெரிந்துவிடும். பம்ப் இருபது வருஷம் ஓடும், யாருக்கும் கரிக்காது.

ஓடுகிற அந்த பம்ப் தண்ணீரை அளவுக்கு மேல் தள்ளும். அதனால் வால்வைப் பாதி மூடி வைப்பார்கள். காற்றாடியாக இருந்தால் டேம்பரைப் பாதி மூடுவார்கள். கமலை இறைக்கிற இரண்டு மாட்டையும் முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டு, வாய்க்காலில் மண்ணை வெட்டிப்போட்டு அடைக்கிற வேலை இது. மாட்டுக்காரன் சிரிப்பான். இயந்திரவியலில் இதற்கு ஒரு அழகான விதி இருக்கிறது. காற்றாடியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், ஆனால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மின்சாரம் ஏறி இறங்குவதால் வருகிற லாபம் அது. இருபத்தைந்து வருஷமாக இதை வகுப்பெடுக்கிறேன். இன்னமும் கரும்பலகையில் 0.8 பெருக்கல் 0.8 பெருக்கல் 0.8 என்று எழுதி 0.512 என்று விடை வரும்போது எனக்கு மெய்சிலிர்க்கும். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் பாதி திரும்பி வருகிறது. இப்படிக் கொடுக்கிற பேரம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

மோட்டார் வாங்கும் முறையிலும் இதே கதைதான். பத்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று முழுச் சுமையில் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு இருநூறு யூனிட் தின்னும், ஆயிரத்து நானூறு ரூபாய். ஒரு மாதத்தில் தன் விலையைத் தின்று தீர்த்துவிடும். வாங்கும்போது மூன்று கொட்டேஷன் வாங்கி ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். எரிந்துபோனதை நாலாவது தடவை காயில் கட்டி, திறன் இரண்டு மூன்று சதவீதம் குறைந்த மோட்டாரை மறுபடி மாட்டுகிறோம். ஏனென்றால் புது மோட்டாருக்குக் கையெழுத்து வாங்க வேண்டும், கையெழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். காயில் கட்டுவதற்கு யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பவர் பேக்டர், கெப்பாசிட்டர் பற்றி இங்கே சொல்லாமல் விடுகிறேன். அதைக் கவனிக்காவிட்டால் மின்வாரியமே அபராதம் போட்டு நினைவுபடுத்திவிடும், அதனால் அது எல்லா மில்லிலும் சரியாகவே இருக்கிறது. அபராதம் இருக்கும் இடத்தில் கவனம் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

சென்னையில் ஒரு அலுவலகம். மே மாதம், வெளியே நாற்பது டிகிரி. உள்ளே ஏசி பதினெட்டில். பெண்கள் எல்லாரும் சால்வை போர்த்தியிருந்தார்கள். ஒருவர் டிராயரில் ஸ்வெட்டரே வைத்திருந்தார். வெயில் அடிக்கிறது என்று ஜன்னலுக்குத் திரை போட்டு, இருட்டாக இருக்கிறது என்று பட்டப்பகலில் எல்லா விளக்கையும் போட்டிருந்தார்கள்; விளக்கின் சூட்டையும் ஏசிதான் வெளியே அள்ள வேண்டும். ஒரு டிகிரி ஏற்றினால் ஏசியின் மின்செலவு சுமார் ஆறு சதவீதம் குறையும் என்கிறது மத்திய அரசின் ஆற்றல் திறன் நிறுவனம். அதனால்தான் 2020 ஜனவரி முதல் நாட்டில் விற்கிற அறை ஏசிகளைப் போட்டதும் இருபத்து நாலில் நிற்கும்படி விதி கொண்டுவந்தார்கள். நல்ல விதி. ஆனால் இங்கே ரிமோட் யார் கையில்? விசாரித்தேன். ஒருவருக்கும் பதினெட்டு வேண்டாம். அட்மின் பையன் சொன்னான்: “பெரிய சார் ஒருநாள் மீட்டிங் முடிஞ்சு வேர்த்து வந்தாரு. ‘என்னப்பா இது’ன்னாரு சார். அதுலேருந்து பதினெட்டுதான்.” பெரிய சார் அந்தத் தளத்துக்கு வருவது மாதத்துக்கு ஒருமுறை. அவர் சொன்ன இரண்டு சொல்லுக்காக நாற்பது பேர் மூன்று வருஷமாகக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் போய்க் கேட்டால் அப்படிச் சொன்னதே அவருக்கு நினைவில்லை. நம்புவீர்களா, அவரும் தன் அறையில் கோட் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில்தான் டீசல் காலத்து ரகசியம் எனக்கு விளங்கியது. அன்று ஹெல்பர் பையனுக்குப் புதிதாக அறிவு ஒன்றும் வந்துவிடவில்லை. அணைத்ததற்காக அன்று அவனை யாரும் திட்ட மாட்டார்கள், அதுதான் வித்தியாசம். பற்றாக்குறையே எல்லாருக்கும் அனுமதி கொடுத்திருந்தது. “டீசல்ங்க” என்ற ஒரு சொல் போதும், எதைக் குறைத்ததற்கும் அது காரணமாக நின்றது. மின்சாரம் தாராளமாக வந்ததும் அந்த அனுமதிச் சீட்டு காலாவதியாகிவிட்டது. கூடுதலாக வைத்தால் கேள்வி இல்லை, குறைவாக வைத்தால் கேள்வி உண்டு என்ற பழைய சட்டம் திரும்பி வந்துவிட்டது.

நாம் மின்சார வீணடிப்பு என்று எழுதுகிற கணக்கில் பெரும்பகுதி, ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பயந்ததன் கணக்கு. ஷிப்டுக்கு ஷிப்ட், பிரிவுக்குப் பிரிவு, வேலைக்காரருக்கும் முதலாளிக்கும் நடுவே இருக்கிற அவநம்பிக்கை யூனிட்டாக மாறி மீட்டரில் ஓடுகிறது. கூடுதலாக இருக்கிற ஒரு பாரை அழுத்தம் என்று எழுதுகிறோம். பிரித்துப் பார்த்தால் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி ஒரு மனிதர் வாங்கிய திட்டு அதற்குள் அப்படியே இருக்கிறது, ஆறாமல். சோம்பேறித்தனம், அலட்சியம் என்று நாம் திட்டுகிற இடங்களில் நான் அதிகம் கண்டது எச்சரிக்கையைத்தான். பொறுப்பான ஆட்களின் எச்சரிக்கை. அதனால்தான் போஸ்டர் ஒட்டினால் குறைவதில்லை, டிசம்பர் 14 வந்தால் உறுதிமொழி எடுப்பதாலும் குறைவதில்லை. மின்சாரத்தைச் சேமியுங்கள் என்று அறிவுரை கேட்டு ஒருவன் அழுத்தத்தைக் குறைக்க மாட்டான். குறைத்த பிறகு நூல் அறுந்தால், பக்கத்தில் யார் வந்து நிற்பார்கள் என்று தெரிந்தால் குறைப்பான்.

சோலார் விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதை இங்கே சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, கூரையில் எத்தனை கிலோவாட் போடலாம் என்று. போடட்டும், நல்லதுதான். ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது. நிறுத்த வேண்டியதை முதலில் நிறுத்த வேண்டும். பிறகு குறைக்க வேண்டியதைக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகு பழையதை மாற்றலாம். கடைசியில் மிச்சம் இருக்கிற தேவைக்குச் சூரியனைக் கூப்பிடலாம். ஓட்டைக் குடத்துக்குப் புதுக் கிணறு வெட்டுகிறவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்றும் இப்போது எனக்குப் புரிகிறது. சோலாருக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. திறப்பு விழா உண்டு, போட்டோ உண்டு. ஓட்டையை அடைத்ததற்கு எந்த மில்லில் ரிப்பன் வெட்டினார்கள்?

மேக்சிமம் டிமாண்ட் கதையையும் சொல்ல வேண்டும், அது கொஞ்சம் சிரிப்பு. உயரழுத்த இணைப்பில், மாதம் முழுக்க ஓடிய யூனிட்டுக்குத் தனிப் பணம். மாதத்தில் எந்த ஒரு பதினைந்து நிமிடத்திலோ அரை மணி நேரத்திலோ மிக அதிகமாக இழுத்தீர்களோ, அதற்குத் தனிப் பணம், கேவிஏ ஒன்றுக்கு ஐந்நூறு அறுநூறு ரூபாய். ஒப்பந்த அளவைத் தாண்டினால் தாண்டியதற்கு இரட்டிப்பு. முப்பது நாள் ஒழுங்காக இருந்துவிட்டு ஒரே ஒரு அரை மணி நேரம் பிசகினால் மாதம் முழுக்கத் தண்டம். மெஷின் ஸ்டார்ட் ஆகும்போது எகிறுகிற கரண்ட்டால்தான் இது வருகிறது என்று பலரும் நம்புகிறார்கள். இல்லை, அது சில விநாடி, சராசரியில் கரைந்துவிடும். எல்லாம் ஒரே சமயத்தில் நிதானமாக ஓடுவதால் வருவது இது. ஒரு மில்லில் மீட்டர் பதிவை எடுத்துப் பார்த்தால் தினமும் காலை ஒன்பதுக்கு ஒரு கூம்பு. தேடினால், மில் முழுச் சுமையில் ஓடும் அந்த நேரத்தில்தான் கழிவுப் பஞ்சு பேல் கட்டும் பிரஸ், ஹாஸ்டலுக்குத் தண்ணீர் ஏற்றும் போர் மோட்டார், ஒர்க்‌ஷாப் வெல்டிங் எல்லாம் ஆரம்பிக்கின்றன. ஏன் ஒன்பது? மேனேஜர் ஒன்பதுக்கு வருகிறார். அவர் வரும்போது எல்லாரும் ஏதாவது ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். போர் மோட்டாரை ராத்திரிக்கு மாற்றினோம். பத்து மணிக்கு மேல் யூனிட்டுக்குத் தள்ளுபடியும் உண்டு. மேனேஜருக்கு மட்டும் கொஞ்ச நாள் மில்லில் ஏதோ சுறுசுறுப்புக் குறைந்த மாதிரி இருந்ததாம்.

பல்லடம் மில்லுக்கு வருகிறேன். முதலாளியிடம் அறிக்கை கொடுத்தேன். எண்பது பக்கம். அவர் மூத்த ஆள், ஜெனரேட்டர் காலத்தில் தூக்கமில்லாமல் டீசலுக்கு அலைந்தவர். பக்கங்களைப் புரட்டிவிட்டு, “இதுல செலவே இல்லாம நாளைக்கே செய்யக்கூடியது எதுங்க?” என்றார். அழுத்தத்தைக் குறைப்பது என்றேன். “அப்ப ஏன் செய்யல?” என்று பிட்டர் அண்ணனைப் பார்த்தார். பிட்டர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அந்த ராத்திரிக் கதையைச் சொன்னேன், யார் திட்டினார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டு. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டாவது தடவை சத்தம் போட்டது அவராகவேகூட இருந்திருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

எழுந்து கம்ப்ரசர் அறைக்கு நடந்தார். அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த லாக் புத்தகத்தை வாங்கி, பேனாவை உதறி, அட்டையின் உள்பக்கத்தில் எழுதினார்: ‘பிரஷர் வாரம் 0.2 வீதம் இறக்கவும். நூல் அறுந்தால் என்னைக் கூப்பிடவும், ராத்திரியானாலும்.’ கீழே கையெழுத்து, செல்போன் நம்பர். பிட்டர் அண்ணன் அந்த எழுத்தை இரண்டு தடவை படித்தார்.

முதல் வாரம் 7.3. இரண்டாம் வாரம் 7.1. மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி ஆட்டோகோனரில் முடிச்சு நழுவியது. போன் போயிருக்கிறது. பெரியவர் ராத்திரி ஒன்றரை மணிக்கு வேட்டியோடு வந்து நின்றிருக்கிறார். அழுத்தத்தை ஏற்றவில்லை, குழாயைத் தடவிக்கொண்டே போய், வளைவில் நசுங்கியிருந்த ஒரு ஹோஸைக் கண்டுபிடித்து மாற்றியிருக்கிறார்கள். இதை எனக்குப் போனில் சொன்னபோது பிட்டர் அண்ணனின் குரலில் இருந்த குஷியை இங்கே எழுதத் தெரியவில்லை. “வந்துட்டாருங்க சார், நெசமாவே வந்துட்டாரு!”

இரண்டு மாதம் கழித்துப் போனேன். முள் 6.6இல் நின்றது. ஓட்டைகளில் பாதிக்கு மேல் அடைத்துவிட்டார்கள், மீதிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். லாக் புத்தகத்தைப் புரட்டினேன். வழக்கமான அழுத்தம், வெப்பநிலை, ஆயில் கட்டங்களுக்குப் பக்கத்தில் யாரோ ஸ்கேல் வைத்து, பால்பாயின்ட் பேனாவால் புதிதாக ஒரு கட்டம் இழுத்திருந்தார்கள். தலைப்பு: ‘மில் லீவு – மீட்டர்’. அதற்குக் கீழே தேதி போட்டு மூன்று எண்கள், ஒவ்வொன்றும் மேலே இருப்பதைவிடச் சின்னது.

“இது யாருங்கண்ணா போட்டது? நான் சொல்லலையே.”

“ராத்திரி ஷிப்ட் பையனுங்க சார்” என்றார். “லீவு அன்னிக்கு அவனா வந்து எழுதிட்டுப் போறானுங்க.”